பாறை மேல் ஒரு ராக்

கேள்வி: கிடாரை அலறவிட்டு 'ஏசுவே' என்று கத்தினால் பக்தி வருமா, காதுவலி வருமா?

பதில்: வால்யூமைப் பொறுத்தது! ராக் என்றால் பாறை. ஏசுவின் சீடர் பேதுருவின் பெயருக்கும் அர்த்தம் பாறைதான். அந்தப் பாறையின் மேல்தான் சபையைக் கட்டுவதாகச் சொன்னார் ஏசு. அமெரிக்காவின் லாரி நார்மன் 1969-ல் தன் ராக் ஆல்பத்துக்கு அதையே தலைப்பாக்கினார்: 'அப்பான் திஸ் ராக்'. பிறகு வந்தது ஸ்ட்ரைப்பர் என்ற ராக் குழு. மஞ்சள், கறுப்புப் பட்டை உடை, தோளில் புரளும் முடி, கண்ணுக்கு மை (பெண் பார்க்க வந்தால் அப்பா கதவைச் சாத்திவிடுவார்!). மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசுவார்கள்.

பிரசங்கம் மதியச் சாப்பாட்டோடு மறந்துபோகும். பல்லவி ஒரு வாரம் குளியலறையில் ஒலிக்கும். விசுவாசம் அப்படியும் உள்ளே நுழையும். ஆனால் சிலிர்த்தது ஆவியாலா, டிரம்ஸாலா என்பது கரண்ட் போனால்தான் தெரியும்.

'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்' என்று இந்தக் கிறிஸ்தவ ராக் இசையைச் சாடி 1987-ல் புத்தகமே போட்டார் டி.வி. போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட். 1988-ல் அதே டி.வி.யில் கண்ணீரோடு பாவமன்னிப்புக் கேட்டார். ராக் கேட்டதற்காக அல்ல!