ஆட்டுக்குத் தெண்டம், எண்ணெய்க்குக் கமிட்டி

பசுவந்தனைக் கரிசலில் என் ஆடு பக்கத்துப் பிஞ்சையில் புகுந்து உளுந்தில் வாய் வைத்துவிட்டால் விசாரணை பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். "ஆடு யாருது? ஒம்மதுதானே? தெண்டத்தை வையும்." ஆடு என்னுடையதுதான், ஆனால் மேய்த்தவன் கூலிக்காரன் என்று இழுத்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். 'ஒப்பந்ததாரர்' என்ற சட்ட நுணுக்கம் எங்களூர் மந்தைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அசாமுக்கு வந்துவிட்டது. தின்சுகியா மாவட்டம் பாக்ஜானில், 2020 மே 27 அன்று, ஆயில் இந்தியா என்ற எண்ணெய்க் கம்பெனியின் ஐந்தாம் எண் கிணறு பீறிட்டது. ரிக் ஓட்டியது ஜான் எனர்ஜி என்ற குஜராத் கம்பெனி. கிணற்றைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். அடைப்பு தாங்குமா என்று சோதித்துப் பார்க்காமலே, கிணற்று வாயில் பீறிடலைத் தடுக்கக் காவலுக்கு இருந்த பிஓபி இயந்திரத்தைக் கழற்றினார்கள். பதின்மூன்று நாள் எரிவாயு தன் போக்கில் பீய்ச்சியடித்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் மாண்டார்கள். வீடுகள் கருகின, சனம் முகாம்களில் அடைந்தது. மகுரி-மோட்டாபுங் சதுப்பின் மேல் எண்ணெய் படிந்தது. தீயை முழுசாக அணைக்க நவம்பர் 15 ஆயிற்று.

இதற்கிடையே ஆயில் இந்தியா சுறுசுறுப்பானது: ஜான் எனர்ஜியிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. எண்ணெய் வந்தால் முதலாளிக்கு, நெருப்பு வந்தால் வாடகை ரிக்குக்கு! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆயில் இந்தியாவை 25 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, நீதிபதி கடாக்கி தலைமையில் குழு போட்டது. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின்படி வாங்க வேண்டிய இசைவையே ஆயில் இந்தியா முறையாக வாங்கவில்லை என்று அந்தக் குழு எழுதியது. அது கசந்ததோ என்னவோ, 2021இல் தீர்ப்பாயம் சதுப்புக்கு நேர்ந்த சேதத்தை ஆராய இன்னொரு குழு போட்டது. அதில் ஓர் உறுப்பினர் யார் தெரியுமா? ஆயில் இந்தியாவின் மேலாண் இயக்குநர். மேய்ந்த ஆட்டையே பஞ்சாயத்தில் உட்காரவைத்து, எத்தனை செடி போச்சு என்று அதனிடமே கணக்குக் கேட்கிற நியாயம். இந்த மானக்கேட்டை நிறுத்த உச்ச நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது.

அசாமைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லை. நம் மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியிலேயே, ஸ்டெர்லைட் தாமிர ஆலை வருஷக்கணக்காக மாசுபடுத்தியது உண்மை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லி, 100 கோடி கட்டு, ஆலையை ஓட்டு என்று அனுப்பிவைத்தது. 2018 மே 22 அன்று அந்த ஆலையை மூடச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்கு முறையிடப் போன சனத்தை நோக்கிப் போலீசார் சுட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. அந்த உயிர்களுக்குத் தெண்டம் யார் வைப்பது?