யாழுக்குக் கால் முளைத்த கதை

யாழ் ஒழிந்ததற்குப் படையெடுப்பு, பஞ்சம், கறையான் என்று யார் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். பெரியபுராணத்தைப் புரட்டினால் மாட்டிக்கொள்பவர்கள் சொந்தக்காரர்கள்தான்.

ஏழாம் நூற்றாண்டு. ஞானசம்பந்தர் பாடுவார், திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே வாசிப்பார், அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் உடன் பாடுவார். ஊர் ஊராகப் போனார்கள், ஒரு மனத்தாங்கல் கிடையாது. பாணருடைய தாய்வழி ஊரான தருமபுரத்தில்தான் வந்தது வினை. இவர் யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பிள்ளையின் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது என்று உறவினர்கள் பெருமை பேசிவிட்டார்கள். மும்பையில் எங்கள் வடாலாக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பக்கத்திலேயே சண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. இடைவேளையில் காபி வரிசையில் நின்றால், "மிருதங்கம் இல்லேன்னா இன்னிக்குக் கச்சேரி படுத்திருக்கும்" என்று யாராவது ஒருவர் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருப்பார்.

பாணர் பதறிப்போனார். உங்கள் பாட்டு யாழில் அடங்காது என்பதை இவர்களுக்குக் காட்டிவிடுங்கள் என்று சம்பந்தரையே கேட்டுக்கொண்டார். பிள்ளை காட்டிவிட்டது. எந்த நரம்பைத் தொட்டாலும் பாட்டு வேறெங்கோ போய் நின்றது. பாணர் யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர்தான் தடுத்து வாங்கினார். 1964-ல் லண்டனில் பீட் டவுன்ஷெண்ட் கிதாரை உடைத்ததை ராக் இசையின் பெரும் புரட்சி என்கிறார்கள். நம் ஆள் பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கை ஓங்கியாகிவிட்டது. தடுக்கத்தான் லண்டனில் ஒரு சம்பந்தர் இல்லை. அந்தப் பண்ணுக்குப் பெயர் யாழ்முரி. இன்று அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

விஷயம் எளிது. யாழில் மெட்டு கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணைக்காரர் தந்தியை மெட்டின் மேல் வைத்து இழுத்து, அசைத்து, கெஞ்சி ஒரு சுரத்துக்குள் நாலு சுரம் காட்டுவார். யாழ்க்காரருக்கு இழுக்க வாகு இல்லை. செங்கோட்டியாழில் 7 நரம்பு, பேரியாழில் 21. எத்தனை கட்டினாலும் இரண்டு நரம்புக்கு நடுவில் இருப்பது காற்றுதான், அடாணா குடியிருப்பதோ அந்தக் காற்றில். வீணை மெதுவாக வந்து பாயில் உட்கார்ந்துகொண்டது.

யாழின் மேல் இதற்கு முன்பே, சிலப்பதிகாரத்தில், ஒரு வழக்கு உண்டு. புகார்க் கடற்கரையில் மாதவியிடமிருந்து யாழை வாங்கிக் கோவலன் கானல்வரி பாடினான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். யாழை வாங்கி அவளும் பதில் பாடினாள். இப்போது சந்தேகம் அவனுக்கு. ஜாஸில் இப்படி மாறி மாறி வாசித்துவிட்டுக் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இவன் எழுந்து போயே போய்விட்டான், கடைசியில் மதுரையே எரிந்தது. இளங்கோவடிகள் ஊழ்வினையைக் குற்றவாளியாக்கி, யாழை உடந்தையாக்கி, கோப்பை மூடிவிட்டார்.

மேல்நாட்டில் யாழின் ஒன்றுவிட்ட தங்கையான ஹார்ப்புக்கு வேறு விதமான கஷ்டம். 47 நரம்பு, ஆளுயரம், பார்க்க அழகு. அதனாலேயே தேவதைகளுக்கும் கல்யாண வரவேற்புக்கும் நேர்ந்துவிட்டார்கள். ஜாஸுக்கு வந்தால் அதே தருமபுரத்துச் சிக்கல்: பாட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சுரம் மாற்றும், நரம்பு மாறாது. ஆனால் இவளுக்குக் கீழே 7 மிதிகட்டைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. ஒன்றை மிதித்தால் அந்தச் சுரத்தின் நரம்பெல்லாம் ஒருசேர அரைச்சுரம் ஏறும், இறங்கும். மேலே பார்த்தால் சரஸ்வதி, கீழே பார்த்தால் தையல் மெஷின்.

டெட்ராய்ட்டில் டாரதி ஆஷ்பி என்ற பெண் அந்தக் கால்வேலையைக் கரைத்துக் குடித்து, 1957-ல் 'தி ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்' என்று இசைத்தட்டு போட்டார். பக்கவாத்தியமாக அல்ல, ஹார்ப்தான் முன்னால். கிளப்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஹார்ப்பா, இங்கே குடிக்க வருகிறவன் அழுதுவிட்டுப் போவானே என்று கவலை. அம்மாள் அசரவில்லை, 1968-ல் 'ஆஃப்ரோ ஹார்ப்பிங்' வரை போனார்.

அதே ஊர்க்காரரான ஆலிஸ் கோல்ட்ரேனின் கதை இன்னும் விசித்திரம். கணவர் ஜான் கோல்ட்ரேன் ஹார்ப் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். 1967 ஜூலையில் அவர் காலமானார். ஹார்ப் அதன்பிறகுதான் வீட்டுக்கு வந்தது. பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஆலிஸ் அதன் முன்னால் உட்கார்ந்தார். துக்கத்தில் இருந்தவருக்கு ஒரு குரு கிடைத்தார். யார் என்கிறீர்கள்? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த ராமசாமி. பத்தமடையிலிருந்து ரிஷிகேசம் போன சிவானந்தரிடம் 1949-ல் காவி வாங்கிச் சச்சிதானந்தர் ஆனவர். 1966-ல் நியூயார்க்கை எட்டிப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1969 ஆகஸ்ட் 15 அன்று, இங்கே நாம் கொடியேற்றி மிட்டாய் தின்றுகொண்டிருந்த நாளில், உட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் உட்கார்ந்து தொடக்கவுரை ஆற்றியவரும் இவரே. 1971-ல் ஆலிஸ் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தம்புரா சுருதி போட, ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸபோன் ஒரு பக்கம் உருக, ஹார்ப் அலையலையாக வந்து நடுவில் உட்காரும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் போர்ட் டிரஸ்டில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன்.

"சுருதி சுத்தமா இருக்கு," என்றார். மாட்டுங்காவில் பாதி வித்வான்களுக்கு இதுகூடக் கிடைத்ததில்லை. "வாசிக்கறது யாரு?"

"ஆலிஸ்னு ஒரு அமெரிக்க அம்மா, மாமா. குரு நம்ம கோயம்புத்தூர்க்காரர்."

"அப்படியா! கோயம்புத்தூர்ல எங்கே?"

இசை முடியும் வரை செட்டிபாளையத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்பதே பேச்சாக இருந்தது.

2025-ல் ஹார்ப் கலைஞர் பிராண்டி யங்கர் 'கேட்அபவுட் சீசன்' என்ற தட்டை வெளியிட்டார். வாசித்திருப்பது, பழுது பார்த்துச் சீராக்கிய ஆலிஸின் அதே ஹார்ப்பில். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "ஆலாபனை பேஷ். பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"