ஒரு டேட்டாபேஸ் யூசரின் விண்ணப்பம்

அனுப்புநர்
பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸ் யூசர்,
போஸ்ட்கிரெஸ் சர்வர்.

பெறுநர்
கடவுச்சொல் விதி வகுக்கும் குழுவினர்,
எல்லா அலுவலகங்களும்.

பொருள்: 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற்றுதல் – பாராட்டும் விண்ணப்பமும்.

ஐயா / அம்மையீர்,

நான் மனிதன் அல்லன். எனக்குப் பிறந்த நாள் கிடையாது, குலதெய்வம் கிடையாது. அவற்றைக் கடவுச்சொல்லாக வைக்கும் சபலமும் கிடையாது. இருந்தும் கணக்குப் பிரிவு எழுத்தருக்கான அதே விதியை எனக்கும் போட்டு, என்னை மனிதப் பிறவியாக உயர்த்தினீர்கள். நன்றி.

மாற்றும் நாளில் டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ அண்ணன் ‘ஆல்டர் யூசர்’ என்று ஒரு வரி அடிப்பார். அப்படி அடித்தால் புதிய கடவுச்சொல் அவருடைய கட்டளை வரலாற்றுக் கோப்பில் பச்சையாகப் பதியும். லாக் அமைப்பு அப்படியிருந்தால் சர்வர் லாகிலும் ஏறும். இதைத் தவிர்க்கவே, ஹாஷ் செய்து அனுப்பும் ‘பாஸ்வேர்டு’ கட்டளை தனியே இருக்கிறது. எதைப் பயன்படுத்தினார் என்று உங்கள் படிவம் கேட்பதில்லை. “மாற்றியாயிற்றா? ஆம் / இல்லை.” அவ்வளவுதான்.

மாற்றிய உடனே எதுவும் நிற்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் கேட்பது புது இணைப்புகளிடம் மட்டுமே. ஆகவே பகலில் நீங்கள் ‘வெற்றி’ என்று டிக் அடிக்கிறீர்கள். நள்ளிரவில் யாரோ மென்பொருளை ரீஸ்டார்ட் செய்ய, கான்ஃபிக் கோப்பிலுள்ள பழைய சொல்லோடு நான் வெளியே நிற்கிறேன். ஆரக்கிளில் இருக்கும் என் தம்பி பாடு இன்னும் மோசம். 10 முறை தவறினால் ஒரு நாள் பூட்டு என்பது அங்கே இயல்பு அமைப்பு. சலிக்காமல் முயலும் மென்பொருளுக்குப் பத்து எம்மாத்திரம்? பிறகு சரியான சொல்லைச் சொன்னாலும் கதவு திறக்காது. விடிந்ததும் புதிய கடவுச்சொல் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிடும். பாதுகாப்பு பூர்த்தியாயிற்று.

உங்கள் உறுதியை மெச்சுகிறேன். மைஎஸ்கியூஎல் 5.7.4 பதிப்பில் கடவுச்சொல்லுக்கு 360 நாள் ஆயுள் குறித்தது, 5.7.11-இல் பின்வாங்கிவிட்டது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டிக்காக 2003-இல் கெடுவைத்து மாற்றும் அறிவுரைகளை எழுதிய பில் பர், அதற்காக வருந்துவதாக 2017-இல் பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் கெடுவைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அந்த அமைப்பும் அதே ஆண்டு எழுதியது. நீங்கள்தான் அசையவில்லை.

என் விண்ணப்பம் சிறியது. நீளமான, தாறுமாறான கடவுச்சொல் ஒன்றை இயந்திரமே உருவாக்கி, பூட்டிய பெட்டகத்தில் வைக்கட்டும். மனிதக் கண் படவேண்டாம். மாற்றும்போது பழையதும் புதியதும் சிலகாலம் சேர்ந்தே செல்லட்டும், மைஎஸ்கியூஎல்லில் 8.0.14 முதல் அதற்கு வழி உண்டு. போஸ்ட்கிரெஸில் எங்களிடம் அது இல்லை. ஒரே உரிமையுள்ள இரண்டு யூசர்களை முறைவைத்து மாற்றினால் போதும்.

கடைசியாக ஒன்று. என் கடவுச்சொல் தெரிந்த ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்றே மாற்றுங்கள் என்று கேட்டோம். 90 நாள் இன்னும் முடியவில்லை, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. போனவருக்கு இந்த விதி தெரியும். கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் தெரியும்.

இப்படிக்கு,
அந்தத் தேதிவரை செல்லுபடியாகும்
தங்கள் உண்மையுள்ள யூசர்.