பத்தாளு படுக்கற டென்ட்டு

ஏன்டா பேராண்டி, பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு போன்லயே பத்தாளு படுக்கற டென்ட்டு ஒண்ணு பாத்து வெச்சிருக்கியாமே? உங்கப்பன் சொன்னான். பொங்கல் லீவுல மொத்தக் குடும்பமும் பச்சமலையில ரெண்டு ராத்திரி, தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் சேத்தே எடம் போட்டாச்சுன்னு சொன்னியாம். ரொம்ப சந்தோஷம். ஓடு போட்டு, சொவரு வெச்சு, கதவும் போட்டு உத்தமர்சீலியில ஒரு வீட்டைக் கட்டிக் குடுத்தேன். அதை விட்டுட்டுத் துணி வீட்டுக்குப் போவணும்னு உனக்கு ஆசை வந்திருக்கு. படிப்பு வேலை செய்யுது பாரு!

பணம் கட்டறதுக்கு முன்னால கெழவன் சொல்றதையும் கேட்டுக்க. கேட்டுட்டு உன் இஷ்டப்படி பண்ணு. எப்பவும் அப்படித்தானே பண்ற.

பத்தாளுங்கறது யாரு போட்ட கணக்கு? கம்பெனிக்காரன் போட்டது. அவன் கணக்குல ஒரு ஆளுன்னா ரெண்டடி அகலம், அவ்வளவுதான். தோளோட தோளு ஒட்டிப் படுக்கணும், பொரளக் கூடாது. பையி, செருப்பு, தூக்குச்சட்டி, உங்க அப்பாயியோட வெத்தலைப் பொட்டி எதுவும் உள்ள வரக் கூடாது. ஒங்க மாமனைத் தெரியுமில்ல? மாப்பிள்ளையா வந்தப்பவே மணவறையில ரெண்டடிக்குள்ள அடங்கலை. இப்ப பிரியாணிக் கடை வேற வெச்சிருக்காரு. அவரை எந்தக் கணக்குல எழுதுவே? பத்துன்னு அச்சடிச்சிருந்தா ஆறுன்னு படி, ரொம்ப நெருக்கினா ஏழு. ஆறுன்னு போட்டிருந்தா நாலு. மிச்ச எடம் பொட்டி படுக்கைக்கு.

நம்பிக்கை இல்லைன்னா ஒண்ணு பண்ணு. தரையோட நீளம் அகலம் எல்லா டென்ட்டுக்கும் போட்டிருப்பான். இங்க வந்து மொட்டை மாடியில கோலப்பொடியால அந்த அளவுக்குக் கட்டம் கட்டு. முசிறி கோரைப்பாயை வரிசையா விரி. எல்லாரையும் கூப்பிட்டுப் படுக்கச் சொல்லு. யாரு தலைமாட்டுல யாரு காலு வருதுன்னு அப்பத் தெரியும். உங்கம்மாவும் அத்தையும் எந்தப் பக்கம் தள்ளித் தள்ளிப் படுக்கறாங்கன்னும் தெரியும். இந்த வெவரம் எந்த வெளம்பரத்துலயும் வராது. கட்டத்துக்குள்ள படுக்கறப்ப இன்னொண்ணையும் நெனப்புல வெச்சுக்க. டென்ட்டுச் சொவரு நேரா நிக்கறதில்லை, சாஞ்சு எறங்குது. நடுவுல ஆறடி ஒசரம்னு பீத்திக்குவான். ஓரத்துல படுத்தவன் மூஞ்சியில துணி உரசும். பனி ராத்திரியில அந்தத் துணி ஈரமா வேற இருக்கும். அந்த எடம் யாருக்குன்னு நீயே முடிவு பண்ணிக்க. பெரும்பாலும் சித்தப்பனுக்குத்தான் போவும்.

வாசலு எத்தனைன்னு பாத்தியா? ஒண்ணுன்னா வேண்டாம். அப்பாயி ராத்திரி மூணு தடவை எந்திரிக்கறவ. ஒத்த வாசலுன்னா ஒன்பது பேரை மிதிச்சுக்கிட்டுத்தான் வெளிய போவணும். மிதிச்சாலும் பரவாயில்லை, ஒவ்வொருத்தரையும் யாரு எவருன்னு விசாரிச்சுக்கிட்டே போவா.

அப்பறம் மழை. மூணாயிரம் மில்லிமீட்டர் தாங்கும்னு போட்டிருக்கான்னு உங்கப்பன் பெருமையாச் சொன்னான். திருச்சிக்கு மூணு வருஷம் பேயற மழையைக் கூட்டினாலே அவ்வளவு வருமாங்கறது சந்தேகம்டா! அந்தக் கணக்கு பேயற மழைக்கு இல்லை. துணி மேல தண்ணியைக் கம்பமா நிறுத்திப் பாப்பாங்க. எவ்வளவு ஒசரம் வரைக்கும் கசியாம தாங்குதோ, அதுதான் அந்த மில்லிமீட்டர். ஆயிரத்துக்குக் கீழன்னா தூறலுக்குத்தான் ஆவும். ரெண்டாயிரம் மூணாயிரம்னா நல்ல மழைக்கும் நிக்கும். தரைத் துணிக்கு இன்னும் கூட இருக்கணும். நாம மண்டி போட்டு அழுத்தறப்ப கீழேர்ந்து ஈரம் மேல ஏறும். தரைத் துணி நாலு பக்கமும் அரை அடி மேல ஏறி, தொட்டி மாதிரி மடிஞ்சு நிக்குதான்னும் பாரு. துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் தையல்ல ஓட்டை இருக்கும். அந்தத் தையல் மேல உள்பக்கமா டேப்பு ஒட்டியிருக்கணும். ஒழுகற டென்ட்டு பாதி தையல்லதான் ஒழுகும். நம்ம வீட்டு ஓடும் அப்படித்தான், நடு ஓடு ஒழுகாது, சேர்மானத்துலதான் சொட்டும்.

வெளித் தண்ணியை நிறுத்திட்டே, சரி. உள்தண்ணிக்கு என்ன பண்ணுவே? பத்துப் பேரு ராத்திரி பூரா மூச்சு விட்டா அந்த ஆவி எங்க போவும்? துணியில முட்டி, குளுந்து, காலையில நம்ம மேலயே சொட்டும். அது தெரியாம டென்ட்டு ஒழுகுதுன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போவீங்க. ரெண்டு அடுக்கு டென்ட்டா வாங்கு. உள்ள கொசுவலைத் துணி, அதுக்கு மேல கொஞ்சம் தள்ளி மழைத் துணி. உச்சியிலயும் கீழயும் காத்து போற சன்னல் இருக்கணும். குளுருதுன்னு எல்லாத்தையும் இழுத்து மூடினியோ, விடியறப்ப ஊறப்போட்ட அரிசி மாதிரிதான் கெடப்பீங்க. ஒத்தைத் துணியில வெல கம்மியா ஒண்ணு காட்டுவான். நம்ம ஊரு பங்குனி சித்திரை வெயில்ல அதுக்குள்ள மதியத்துல கால் மணி நேரம் உக்காந்து பாரு. அப்பறம் அந்தப் பக்கமே போவ மாட்டே.

பெரிய டென்ட்டுன்னதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருது. வெள்ளைக்காரத் தளபதி ராபர்ட் க்ளைவு தெரியுமா? பத்தாம் கிளாஸ் பெயிலானவன் புத்தகம் படிக்க மாட்டான்னு நெனைக்காதே. 1752 ஏப்ரல்ல அவன் கொள்ளிடத்துக்கு வடக்க சமயபுரத்துல பாளையம் எறங்கினான். அப்ப திருச்சிக் கோட்டை வெள்ளைக்காரனோட கூட்டாளி முகமது அலி கையில. எதிர்ப்பக்கம் சீரங்கத்துல பிரெஞ்சுக்காரன் ழாக் லா, கூட முகமது அலிக்குப் போட்டியா நின்ன சந்தா சாகிப். அவ்வளவு பெரிய பட்டாளத்துக்கு அதிகாரி, ராத்திரி எங்க படுத்தான்னு நெனைக்கறே? கோயிலுக்குப் பக்கத்துல இருந்த சத்திரத்துல. நம்ம ஊருச் சத்திரத்துலடா! நடு ராத்திரி பிரெஞ்சுப் படை பாளையத்துக்குள்ள பூந்து சுட்டுது. ஒரு குண்டு அவன் காலடியில இருந்த பொட்டியை ஒடைச்சு, பக்கத்துல படுத்திருந்த வேலைக்காரனைக் கொன்னுச்சு. அவன் தப்பிச்சான். அந்த ஜூன்லயே லா சீரங்கத்துல சரணடைஞ்சுட்டான்.

அவன் மகன் எட்வர்டு க்ளைவு 1798லேர்ந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரு. 1799ல திப்பு சுல்தான் விழுந்தப்பறம் திப்புவோட டென்ட்டு அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேந்துச்சு. பூ அச்சடிச்ச பருத்தித் துணி, பாத்தா மயங்கிருவே. வேல்ஸ் நாட்டுல போவிஸ் கோட்டையில இன்னமும் வெச்சிருக்காங்க. தோட்டத்துல விருந்து நடக்கறப்ப பந்தலாப் போட்டிருக்காங்க. அப்பன் சத்திரத்துல படுத்தான், மகன் டென்ட்டை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனான். பெரிய டென்ட்டெல்லாம் தூக்கறதுக்கு யானையும் ஒட்டகமும் இருந்தவங்க சமாச்சாரம். உன் கிட்ட ஒரு காரும், இடுப்புப் புடிச்ச ஒரு அப்பனும் இருக்காங்க. பத்தாளு டென்ட்டு பதினஞ்சு இருவது கிலோ இருக்கும். வண்டி நிறுத்தற எடத்துலேர்ந்து அதை யாரு தூக்குவா?

காத்தையும் சொல்லிடறேன், அது எனக்குத் தெரிஞ்ச வித்தை. வாழையில பூவனும் ஏலக்கியும் தாரு தள்ளி நிக்கறப்ப ஆடிக்காத்து வந்தா மரத்தோட சாயும். அதுக்குத்தான் மூங்கி முட்டுக் குடுக்கறோம். முட்டு எந்தப் பக்கம் குடுக்கறே, எவ்வளவு சரிவாக் குடுக்கறேங்கறதுலதான் வருஷத்துச் சோறு இருக்கு. டென்ட்டுக்குக் கயிறு கட்டறதும் அதே வேலைதான். ஒசரமான டென்ட்டு காத்தை நெஞ்சால வாங்கும். கயிறு கட்டற எடம் நெறைய இருக்கணும், முளை நீளமா இருக்கணும். கம்பு கண்ணாடி நாருன்னா வெல கம்மி, பலமா வளைஞ்சா பொளந்துக்கும். அலுமினியம் வளையும், நிமித்திக்கலாம், எடையும் கம்மி. முளையைக் காவேரி மணல்ல அடிச்சா பல்லுக்குச்சி மாதிரி உருவிக்கிட்டு வந்துரும். மணல்னா சாக்குல மணலை அள்ளிக் கட்டி, கயித்தோட சேத்துக் குழி தோண்டிப் புதைக்கணும்.

மணல்னு சொன்னதும் உன் மூஞ்சி மலர்ற மாதிரி தெரியுது. ஆத்துக்குள்ள டென்ட்டு போடற எண்ணம் இருந்தா இப்பவே மறந்துரு. காஞ்சு கெடக்கற ஆத்துல தண்ணி நம்மளைக் கேட்டுக்கிட்டு வராது. மேட்டூர்ல தெறப்பான், முக்கொம்புல பிரியும், காவேரியில பாதி கொள்ளிடத்துல பாதின்னு எறங்கும். 2018 ஆகஸ்ட்டுல வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கா? முக்கொம்புல கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு ஒரே ராத்திரியில போச்சு. 1836லேர்ந்து 1838 வரைக்கும் ஆர்தர் காட்டன் கட்டின அணை அது. திருவானைக்கோயிலேர்ந்து டோல்கேட்டுக்குப் போற பழைய இரும்புப் பாலமும் அதே மாசம்தான் உக்காந்துச்சு. இரும்பே நிக்காத எடத்துல உன் நைலான் நிக்குமா?

நெருப்பு வெசயத்துல மட்டும் கிண்டல் பண்ண மாட்டேன். 2004 ஜனவரி 23ந் தேதி சீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கீத்துப் பந்தல் புடிச்சு எரிஞ்சு, மாப்பிள்ளையோட சேத்து அம்பது பேருக்கு மேல போயிட்டாங்க. இந்த டென்ட்டுத் துணி கீத்தை விட மோசம். உருகி ஒடம்புல ஒட்டிக்கும். டென்ட்டுக்குள்ள கேஸ் அடுப்பு கூடாது, மெழுகுவத்தி கூடாது, கொசுவத்தி கூடாது. குளுருதுன்னு கரிச்சட்டியை உள்ள வெச்சுக்கிட்டுத் தூங்கினா அந்தப் பொகையே ஆளைக் கொன்னுடும், எழுப்பிச் சொல்லாது. சமையலு பத்துப் பதினஞ்சு அடி தள்ளித்தான். இதை மாமன் கிட்ட நீ சொல்லிடு. நான் சொன்னா மாமனார் அதிகாரம் பண்றாருன்னு ஆயிடும்.

உனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கும், கெழவனுக்கு வெளிய படுக்கப் பயமான்னு. அட போடா! வைகுண்ட ஏகாதசிக்கு மொத நாள் ராத்திரி சீரங்கம் வீதியில போய்ப் பாரு. சொர்க்கவாசல் தெறக்கறதுக்கு முன்னால எத்தனை குடும்பம் ஒரு போர்வையில படுத்துக் கெடக்குதுன்னு. சமயபுரத்துக்கு நடந்து போறவங்க லாரிக்கு அடியில கூடத் தூங்குவாங்க. டென்ட்டு இல்லாம வெளிய படுக்கறதுல நாமதான் பழம் தின்னு கொட்டை போட்டவங்க. டென்ட்டோட படுக்கறதுதான் புதுசு.

சரி, என் தீர்ப்பைச் சொல்லிடறேன். பத்தாளு டென்ட்டு வேண்டாம். அவ்வளவு பெரிய சமதரை மலையில கெடைக்காது, கெடைச்சாலும் ஒரு கயிறு அறுந்தா மொத்தக் குடும்பமும் நடுத்தெருவுல. ஆறாளு டென்ட்டு ரெண்டு வாங்கு. ரெண்டு வாசல், ரெண்டு அடுக்கு, அலுமினியக் கம்பு, வெளிர் நெறம். ஒண்ணுல அப்பாயி, உங்கம்மா, அத்தை, ரெண்டு சின்னப் புள்ளைங்க, அதுங்க ரெண்டும் சேந்து ஒரு ஆளு கணக்கு. இன்னொண்ணுல உங்கப்பன், மாமன், நீ. மூணு பேரு தானேன்னு பாக்காதே, மாமன் இருக்காரு. ரெண்டு டென்ட்டையும் இருவது அடி தள்ளிப் போடு. ஒரு டென்ட்டுல பேசறது இன்னொண்ணுல கேக்கக் கூடாது. குடும்பம் ஒத்துமையா இருக்கறது அந்த இருவது அடியிலதான்.

நடுவுல ஒரு தார்ப்பாயை நாலு கம்புல கட்டு. தார்ப்பாயி கடையில கெடைக்கறதுதான், கெட்டியா, ஓரத்துல வளையம் போட்டதா வாங்கு. சோறு திங்க, சீட்டாட, மழையில செருப்பு வெக்க எல்லாம் அங்கதான். ராத்திரி அதுக்குக் கீழ கொசுவலை கட்டி எனக்கும் உங்க சித்தப்பனுக்கும் படுக்கை. அவன் கொறட்டைக்கு எந்த டென்ட்டும் தாங்காது, எனக்கு எடது காது கேக்காது. அந்தக் காதை அவன் பக்கம் வெச்சுப் படுத்துக்கறேன். கயித்துக் கட்டில் ஒண்ணு காரு மேல கட்டிக்க. நான் ஒண்ணும் அதுக்காகச் சொல்லலை.

வாங்கினதை நேரா மலைக்குக் கொண்டு போவாதே. இங்க தோட்டத்துல ஒரு தடவை கட்டி, மேல ரெண்டு கொடம் தண்ணி ஊத்திப் பாரு. திரும்பி வந்ததும் வெயில்ல நல்லாக் காய வெச்சு மடி. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை புடிச்சு, அடுத்த தடவை தெறக்கறப்ப எல்லாரும் சித்தப்பனைத்தான் பாப்பாங்க.

பச்சமலை காப்புக்காடுடா, உங்க தாத்தன் தோப்பு இல்லை. ராத்திரி தங்கணும்னா வனத்துறை அனுமதி வேணும். டென்ட்டுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னால போயி, எங்க போடலாம், போடவே விடுவாங்களான்னு கேளு. முடியாதுன்னு சொல்லிட்டா பணம் மிச்சம். மொட்டை மாடியில கோலப்பொடிக் கட்டம் இருக்கும், அதுலயே படுத்துக்கலாம்.