எழுபது விழுக்காடு மலாய்

மலாய் சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியிருக்கும். ஆரம்பகால மலாய்ப் பேசும் படமான ‘லைலா மஜ்னுன்’: காதல் அராபியாவிலிருந்து, இயக்குநர் பி.எஸ். ராஜான்ஸ் இந்தியாவிலிருந்து. பிறகு சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் ஸ்டூடியோ போட்டார்கள். காசு சீனருடையது, முகம் மலாய்க்காரருடையது, “ஸ்டார்ட், கட்” சொன்னவர் இந்தியர். இதற்குப் பன்முகத்தன்மை என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சம்பளம் வந்தால் போதும்.

மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ எடுத்தார். அதுவரை பின்னணி பாடியும், வில்லனாகக் கண்ணை உருட்டியும் காலம் தள்ளிய பி. ரம்லி அதில்தான் கதாநாயகன் ஆனார். நம்மவர்கள் இறக்கிய சரக்கு தெரிந்ததுதானே: பிரிந்த குடும்பம், தியாகம், தொண்டை அடைக்கும் இடத்தில் சரியாக ஒரு பாட்டு. நாயகி உடுத்தியது கெபாயா, அழுகை மட்டும் கோடம்பாக்கம். 1956இல் மலாய் வீரர்களுக்கெல்லாம் தலைவனான ஹங் துவாவைப் படமாக இயக்கியவரும் வங்காளி ஃபணி மஜும்தார்தான். இன்று அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் முகநூல் தாங்காது.

கேமராவுக்குப் பின்னால் சரி, முன்னால்? கோலாலம்பூருக்கு வந்துவிட்ட ரம்லி, உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டூடியோவில் 1968இல் ‘கெரிமிஸ்’ எடுத்தார். மலாய் ஓவியன் கமால், இந்தியக் காதலி லீலா. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். அவர் வசனத்தை யாரும் தராசில் போட்டுப் பார்க்கவில்லை.

தராசு சர்ச்சையானது 2016இல். மலேசியத் திரைப்பட விழாவில் ‘சிறந்த படம்’ ஆக வேண்டுமா? எழுபது விழுக்காடு வசனம் தேசிய மொழியான மலாயில் இருக்க வேண்டும் என்றார்கள். இல்லையா, தனி வரிசை. தோட்டம் விட்டு வந்த தமிழர்களின் கதையான ‘ஜகாட்’ தனி வரிசைக்குப் போனது. பக்கத்தில் யாரென்று பார்த்தால் ‘ஓலா போலா’! 1980 ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற காற்பந்துக் குழுவின் கதை. நிஜக் கேப்டன் சோ சின் ஆனின் பட்டப்பெயர் ‘தவுக்கே’, படத்துக் கேப்டனும் ‘தவுக்கே’. ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் காத்த கோலைப் படத்தில் காப்பவர் முத்துக்குமார். மூவினமும் ஒரே ஜெர்சி போட்டு ஒற்றுமையாக ஆடியது. ஆனால் அவரவர் வாயில் அவரவர் மொழி வந்து தொலைத்துவிட்டது. நிஜக் குழு தகுதிபெற்றும் மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததால் மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. படக் குழுவைத் தடுக்கச் சோவியத் தேவைப்படவில்லை, ஒரு கால்குலேட்டர் போதுமாயிருந்தது.

சத்தம் கிளம்பியதும் ‘சிறந்த மலேசியப் படம்’ என்று புதுப் பிரிவு முளைத்தது. விருதை ‘ஜகாட்’ தட்டிக்கொண்டு போனது.

அந்த ஆண்டு இந்தக் கணக்கில் இடிபடாத தமிழர் ரஜினி ஒருவர்தான். மலாய் பேசிய ‘கபாலி’ நூற்றுக்கு நூறு! நல்ல பிள்ளையாகவும் நடந்துகொண்டார்: மலேசியாவில் ஓடிய பிரதியின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். சென்னையில் பார்த்தவர்கள் கடைசித் துப்பாக்கிச் சத்தத்தோடு குழம்பிப்போய் வீடு திரும்பினார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை.