தேவையில்லாத சாமான்

மாவனல்லைப் பக்கத்து கராஜ்களில் ஒரு வகைப் பாஸ் உண்டு. வண்டியில் அவர் எதையும் பூட்டி யாரும் பார்த்ததில்லை. கழற்றுவார். "ஜப்பான்காரன் அவன் ஊரு குளிருக்கு வச்சது, நமக்கு எதுக்கு?" என்பார். சாமான் பால்மா டின்னுக்குள் விழும்.

முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஊரைத் தாண்டினால் ஹிங்குலை, கணேதென்னை, அப்புறம் கடுகண்ணாவை ஏற்றம். 1820களில் கப்டன் டோசன் அங்கே பாதை போட்டபோது, பழைய ஹைஏஸ் வேன் ஒன்று கல்யாண கோஷ்டியோடும் கூரையில் பலாக்காயோடும் ஏறும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார். தண்ணீர் கொதிக்கும். பாஸ் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றுவார். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சில்லறை மெக்கானிக்குகளின் வேலை.

எஞ்சின் தண்ணீர் 82 பாகை அளவுக்குச் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுப்பது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறுவதற்குள் ஆறிவிடும். ஹீற்றருக்கோ சொந்தமாக நெருப்பு கிடையாது; அந்தத் தண்ணீரின் சூட்டைத்தான் கடன் வாங்கி ஊதுகிறது. மாவனல்லையில் இதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஜனவரியில் நுவரெலியா போனால் தெரியும். 1868 மீற்றர் உயரம், விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி. டிரைவர் ஹீற்றரைத் திருகுகிறார். பின் சீட்டில் கம்பளிக்குள்ளிருந்து ஆச்சி கத்துகிறார்: "அந்த ஏசிய நிப்பாட்டுப்பா!"

திரும்பி வந்ததும் வண்டி பாஸிடமே போகும். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி காற்று வரும் வாயில் கைவைத்துக் கண்ணை மூடுவார். ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, உள்ளே கேபிள், கதவு ஏதோ பிசகு. ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால்? அதனால்தான் பாஸ் தொடமாட்டார்.

"மோட்டர் வீக்."

"ஆச்சியோட முந்தானையே பறந்துச்சே பாஸ்!"

"அப்ப ஹீற்றரையே கழட்டிருவமா?"

டிரைவர் விடவில்லை. எங்கேயோ விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், வால்வைக் கேட்டார். பாஸ் டின்னைக் கவிழ்த்தார். எந்தெந்த வண்டியின் வால்வுகளோ உருண்டன. ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். ஓரம் இடித்தது.

"இதுவும் ஜப்பான்தான்" என்று சொல்லிச் சுத்தியலை எடுத்தார்.