இளநீர் வண்டிக்கு எதிரே

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்து, "ஒரே நாள்ல ஊரைச் சுத்திக் காட்டிடறேன்" என்றால் நம்பாதீர்கள். டிரினிடாட் தலைநகரை அவர் காட்டத்தான் செய்வார், உங்கள் நாக்குக்கு.

காலை ஆறரை மணிக்கு, அப்படிச் சொன்ன என் நண்பர் என்னை முதலில் இறக்கிவிட்ட இடம் சாலையோர டபுள்ஸ் கடை. மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு மைதா ரொட்டிகள், பெயர் பாரா. பெயரில் வடைக்கு உறவு, பிட்டுப் பார்த்தால் பூரிக்குத் தம்பி. நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, வெள்ளரி. 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு வந்த கைமணம். பெரும்பாலோர் கங்கைச் சமவெளிக்காரர்கள்; சென்னையில் ஏறியவர்களும் உண்டு.

"காரம் கேட்டா 'ஸ்லைட்'னு சொல்லுங்க" என்று காதைக் கடித்தார். சொல்லலாமா? ஆவக்காய் கண்ட பரம்பரையின் மானம் என்னாவது? "நிறையப் போடுங்க" என்றேன். அடுத்த கால் மணி நேரம் அவர் சொன்ன நகர வரலாறு எதுவும் என் காதில் ஏறவில்லை. காதும் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து குயின்ஸ் பார்க் சவான்னா. ஏறத்தாழ 260 ஏக்கர் மைதானம். சுற்றிலும் ஒருவழிப் பாதை. அதன் மேற்கு ஓரத்தில்தான் 'மேக்னிஃபிசென்ட் செவன்' எனப்படும் ஏழு பழைய மாளிகைகள். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்று வழிதவறி வெயிலுக்கு வந்துவிட்டது போல நிற்பது ஸ்டோல்மேயர் கோட்டை. மணிக்கூண்டு வைத்தது, எழுத்தாளர் நைபால் படித்த குயின்ஸ் ராயல் கல்லூரி.

"அந்தக் கோட்டையை யார் கட்டினாங்க?"

"அதுவா? எதிர்ல இளநீர் வண்டி நிக்குது பாருங்க. அவர் வெட்டற வெட்டு இருக்கே..."

அதற்குள் சாலையோரத்தில் ஒரு சிநேகிதர். வண்டி நின்றது. கூடி நின்று பொழுதைக் கரைப்பதற்கு அங்கே 'லைமிங்' என்று பெயர். அதை அவசரமாகச் செய்வது அவமரியாதை. கிளம்பியவர் பேச்சு மயக்கத்தில் திரும்ப வேண்டிய தெருவை விட்டார். ஒருவழிப் பாதையாயிற்றே, மூன்றரை கிலோமீட்டரையும் மறுபடி சுற்றினோம். இரண்டாம் சுற்றில் கோட்டை என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

குயின்ஸ் பார்க் ஓவல் கிரிக்கெட் மைதான வாசலில் மட்டும் அவர் முகம் சுருங்கியது. "1976. நாலு விக்கெட்டுக்கு 406. உங்க ஆளுங்க துரத்தி அடிச்சது இங்கதான்" என்றார், கொடுத்த கடன் திரும்பாதவர் போல. நான் மன்னிப்புக் கேட்காத குறை. நல்லவேளை, மதியச் சாப்பாட்டுக்கு 'பஸ் அப் ஷட்' வந்தது. கிழிந்த சட்டை போலப் பிய்த்துப் போட்ட பரோட்டா. கறியில் தோய்த்து வாயில் வைத்ததும் இரு நாடுகளின் உறவு சீரடைந்தது.

அருங்காட்சியகம்? "இதோ, இப்பவே போயிடலாம்" என்றார். 'இப்பவே' என்றால் அந்த ஊரில் எப்போது வேண்டுமானாலும். போனபோது கதவு சாத்தியிருந்தது.

பொழுது சாய்ந்து, சவான்னா ஓரம் சோளச் சூப் வாங்க அவர் போயிருந்தார். கையில் வரைபடத்தோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னிடம் வந்தார். ஸ்டோல்மேயர் கோட்டை எங்கே என்று கேட்டார்.

"நேரே போங்க. ஒரு இளநீர் வண்டி வரும்" என்றேன்.